மணி அடிக்கும் முன்

கதை எழுதும் தகுதி எனக்குண்டா என்று அறியேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தொழிற்சாலை மேற்பார்வையாளர் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, தம் வீட்டுக் கதவிலேயே காதை வைத்து நின்றார். படியேறி வந்த எதிர்வீட்டுக்காரர் திடுக்கிட்டார்.

"என்ன சார், சாவியை மறந்துட்டீங்களா?"

"ஷ்! மெதுவா பேசுங்க. சாவி பையிலதான் இருக்கு."

"தினமும் இப்படித்தான் நிக்கிறீங்க, நானும் பாக்குறேன். வீட்டுல ஏதாவது... சந்தேகமா?"

மேற்பார்வையாளர் காதைக் கதவோடு இன்னும் அழுத்திக்கொண்டார். உள்ளே மகள் கட்டைக் குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள்: "செருப்பு ஏன் கோணலா கிடக்கு? இது வீடா, சந்தையா?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்படியே உங்கப்பாதான்! சரி, பள்ளிக்கூடத்துல அப்புறம் என்னடி ஆச்சு? கதையை முடி!"

எதிர்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உங்களையே கேலி பண்றாங்க, கல்லு மாதிரி நிக்கிறீங்களே! நேரா போய்க் கேளுங்க சார்" என்று அழைப்பு மணியை அழுத்திவிட்டார்.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்ன காரியம் பண்ணீங்க!" என்றார் மேற்பார்வையாளர். "நான் உள்ள போனா யாரும் சிரிக்க மாட்டாங்க. இங்க நின்னாத்தான் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும்."

கதவைத் திறந்த மனைவியின் கண்கள் அவர் கையிலிருந்த காலணிகளில் நிலைத்தன. மகள் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்திருந்தாள். செருப்புகள் அனைத்தும் வரிசையாக இருந்தன.

"என்ன பேசிட்டிருந்தீங்க?" என்று அவர் ஆசையாய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க."

அன்று அவர் இழந்தவை: மகளின் கதையில் மீதிப் பாதியும், மறுநாள் முதல் நின்று கேட்கக் கதவுக்கு வெளியே இருந்த அந்த இடமும்.