மூன்றாம் பக்கம்

வந்த பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலைவரை டிவி இருந்த இடம். நான்கு திருகாணி ஓட்டைகளும், பழுப்பேறிய சுவரில் பளிச்சென்று ஒரு கட்டமும். ஒரு காலண்டரையாவது மாட்டித் தொலைத்திருக்கலாம். சியாமளா அந்தக் கட்டத்தை மறைத்தாற்போல் போய் நின்றாள்.

மகள் அபூர்வாவின் கல்லூரிக் கட்டண உதவிக்கு மனுப் போட்டதும் மூன்று பக்கக் கடிதம் வந்தது. ‘சரிபார்க்க வீட்டுக்கு ஆள் வருவார்’ என்ற வரியோடு சியாமளா நிறுத்திக்கொண்டாள். பயம் வந்தபின் மீதி கண்ணில் ஏறவில்லை. சின்ன வயதில், தில்லி சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸில் அப்பாவின் பாஸ்போர்ட்டுக்காக வந்த போலீஸ்காரர் சமையலறைவரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவளுக்கா தெரியாது?

அதனால் டிவி, மைக்ரோவேவ், வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் எதிர்வீட்டு மஹாலட்சுமியிடம் போயின. வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தாள். விமான நிலையத்தில் கணவருக்கு வேலை போனதையும், உதவி கிடைக்காவிட்டால் அபூர்வாவின் படிப்பு பாதியில் நிற்கும் என்பதையும் எதிர்வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? இந்தத் துவாரகா ஃபிளாட்டில் மானத்தோடு இருக்க வேண்டாமா?

வந்தவளுக்குப் பால் விடாத டீ கொடுத்தாள். பாலுக்கே வழியில்லை என்று அவளாகப் புரிந்துகொள்ளட்டும்.

சுஷ்மா என்ற அந்தப் பெண் டீயை மடமடவென்று குடித்தாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சரி, உதவி வந்துவிடும் என்று இந்தியில் சொன்னாள்.

சியாமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சுஷ்மா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். அந்த வீட்டுப் பையனும் மனுப் போட்டிருக்கிறானாம்.

வந்த அழுகை அப்படியே நின்றது. அங்கே இப்போது இரண்டு டிவி, இரண்டு மைக்ரோவேவ். தன் சாமானே அந்தப் பிள்ளையின் படிப்பில் மண்ணைப் போட்டுவிடும்.

கதவு திறந்தது.

சாயம்போன புடவையில் மஹாலட்சுமி. பின்னால் ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் நான்கு ஓட்டைகள். கையில் பால் விடாத டீ தயாராக இருந்தது.

என் டிவி எங்கே என்று சியாமளா கண்ணால் கேட்டாள். மஹாலட்சுமியின் கண் மெல்ல மேலே போனது.

வெளியே இடி இடித்தது.

சுஷ்மா டீயை வாங்கிக்கொண்டாள். “சாமான்களை நாங்க பாக்கறதே இல்ல ஆன்ட்டிஜி, மூணாம் பக்கத்துலயே போட்டிருக்கு. நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஜல்தி மொட்டை மாடிக்குப் போங்க, மழை வருது.”