இதோ வந்துட்டேன்

கோமளாவின் லேப்டாப் படுத்துவிட்டது. அதை எழுப்பத் தேவையான சிஸ்டம் முழுவதையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு ஒரு பென் டிரைவ் வந்து அதில் செருகிக்கொண்டது. செருகியதிலிருந்தே அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, நான் ரெடி. கூப்பிடுங்க."

"பொறு தம்பி," என்றது லேப்டாப். "இங்க எதுவானாலும் முதல்ல ஹார்டு டிஸ்க் பெரியவரைத்தான் கேக்கணும்."

"அவருக்குத்தானே உடம்பு சரியில்ல?"

"அதுக்காக? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

உள்ளிருந்து பெரியவர் கரகரத்தார். "இதோ... வந்துட்டேன்."

வரவில்லை. லேப்டாப் கைகட்டி நின்றது. திரை கறுப்பாகவே கிடந்தது. பென் டிரைவின் விளக்கு மட்டும் பதறிப் பதறி மின்னியது.

"தண்டம் இது!" என்று கோமளா பென் டிரைவைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைச் சுத்தமாகத் துடைத்து, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து செருகினாள். மறுபடியும் "இதோ வந்துட்டேன்." மறுபடியும் கறுப்புத் திரை.

கடைசியில் அதை மேசை ஓரத்தில் வீசிவிட்டு, புதிதாக ஒரு பென் டிரைவ் வாங்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றிக்கொண்டு வந்து செருகினாள்.

"அண்ணே, நான் ரெடி!" என்று துள்ளியது புதுசு.

மேசை ஓரத்தில் கிடந்த பழசு காதைத் தீட்டிக்கொண்டது.

"பொறு தம்பி," என்றது லேப்டாப். "பெரியவர் வந்துட்டேன்னு சொல்லியிருக்கார்."