எண்பதாவது மாடித் தொலைநோக்கி

எண்பதாவது மாடியில், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக நட்டு வைத்திருந்த தொலைநோக்கிக்கு மனிதர்கள்மேல் தீராத கோபம்.

"நீயே சொல்லு காக்கா. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் மலை. ரெண்டையும் விட்டுட்டு அவங்கவங்க வீட்டுத் தண்ணி டேங்க் தெரியுதான்னு தேடுறாங்க. நேத்து ஒருத்தர் பொண்டாட்டிக்குப் போன் போட்டு, 'மொட்டை மாடிக்கு வந்து கையை ஆட்டு'ங்கிறாரு. தினம் பார்க்கிற மூஞ்சியைப் பார்க்கவா இவ்வளவு உயரம் ஏறி வர்றது?"

"மனுசப் புத்தி அப்படித்தான் அண்ணே," என்றது கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா.

அடுத்த வாரம், லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டதென்று தொலைநோக்கியைக் கழற்றி, மலையடிவாரத்தில் இருந்த பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். துடைத்து, காய்வதற்காக மொட்டை மாடியில் வைத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

நலம் விசாரிக்கக் காக்கா வந்தது. "அருவி நல்லாத் தெரியுதா அண்ணே?"

தொலைநோக்கி ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"வெயில் சாயறதுக்குள்ள நம்ம மாடிக்குப் போ. அதே கம்பியில உட்கார்ந்து றெக்கையை ஆட்டு. தெரியுதான்னு பார்க்கிறேன்."