பம்புத் தொப்பி

"பார்வதக்கா, உன் பக்கத்து ஊட்டுக்காரருக்கு வீபீபீ பார்சல் வந்துகீது!"

தங்கம்மா கத்திய கத்தலில் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டன.

தசரதன் பார்சலை மறைவாகப் பிரிக்கவில்லை. நடு வாசலில் உட்கார்ந்து பிரித்தான். உள்ளே ஒரு ரப்பர் தொப்பி. உட்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். பக்கத்தில் ஒரு குழாய், அதன் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பம்பு.

"இன்னா தசரதா இது?" என்றாள் பார்வதம்மா.

"தலையில மாட்டிக்கினு பம்பை அமுக்கணும்க்கா. உள்ள கீற ரப்பர் மண்டையைப் பிடிச்சுவுடும். ரத்தம் ஓடி முடி வளருமாம். பம்பாயிலேர்ந்து வரவழைச்சேன்."

சொன்னதோடு நிற்காமல் மாட்டியும் காட்டினான்.

புஸ்... புஸ்...

லைனே குலுங்கிச் சிரித்தது. தசரதனுடைய உச்சந்தலை சுரங்கத்துச் சயனைடு கழிவு மண்மேடு மாதிரி. அங்கே ஒரு புல் முளைத்து யாரும் பார்த்ததில்லை.

பார்வதம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. பின்னாலேயே எரிச்சலும் வந்தது.

உள்ளே அவன் பெண்டாட்டி சகுந்தலா சுருண்டு கிடக்கிறாள். டைபாய்டில் செத்துப் பிழைத்து இரண்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து வாசப்படி தாண்டுவதில்லை. எப்போதும் தலையில் ஒரு துண்டு. "காத்து பட்டா வலிக்குதுக்கா" என்பாள். அவளுக்கும் சேர்த்துப் பார்வதம்மாதான் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறாள்.

அடுத்த மாதம் பங்காருபேட்டையில் சகுந்தலாவின் தங்கைக்குக் கல்யாணம். தாயில்லாத பெண். இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். அதற்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"ஏன் வரமாட்டா? கட்டிக்கப் புதுப் புடவை இல்ல, அதான்" என்று குழாயடியில் தீர்ப்புச் சொன்னாள் பார்வதம்மா. "பொண்டாட்டிக்குப் புடவை எடுக்க வக்கில்ல, இவனுக்கு மைனர் சோக்கு கேக்குது!"

தசரதனிடமே கேட்டும் பார்த்தாள்.

"நானும் கல்யாணத்துக்கு அம்சமா போவ வேணாமாக்கா?" என்று இளித்தான்.

பார்வதம்மாவுக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து புஸ் புஸ். பிள்ளைகள் 'பம்பு மாமா' என்று பேரே வைத்துவிட்டார்கள். மனுஷனுக்குக் கோபமே வரவில்லை.

அன்றைக்குக் காலையில் சங்கு ஊதியதும் தசரதன் சோற்று டப்பாவோடு ஷிப்டுக்குப் போனான். பார்வதம்மா கண்ணால் பார்த்தாள். பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்டார்கள். லைன் பெண்கள் எல்லாரும் குடத்தோடு போனார்கள். பாதி வழியில்தான் பார்வதம்மாவுக்குச் சும்மாட்டுத் துணியை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தாள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டது.

புஸ்... புஸ்...

லைன் வீட்டில் இரண்டு குடித்தனத்துக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும்.

"அடப்பாவி! ஷிப்டுக்குப் போறாப்பல போக்குக் காட்டிட்டு மட்டம் போட்டுட்டு வந்து பம்பு அடிக்கிறியா? இரு, இன்னிக்கு உன் மானத்தை வாங்கறேன்" என்று முணுமுணுத்தபடி தட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

உள்ளே தசரதன் இல்லை. சகுந்தலா மட்டும் உட்கார்ந்திருந்தாள். தலையில் தொப்பி. கண்ணை மூடிக்கொண்டு பம்பை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைக்கண்ணாடியை எடுத்தாள்.

முழங்கால் வரைக்கும் பின்னல் தொங்கிய தலை அது. இப்போது திட்டுத்திட்டாக வெறும் தோல். நெற்றிக்கு மேலே மட்டும் கேழ்வரகு நாற்று மாதிரி ஏதோ கருப்பாகத் தலைகாட்டியிருந்தது. அதை ஒற்றை விரலால் தடவிப் பார்த்தாள் சகுந்தலா. மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்வதம்மா பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றதற்குக் காரணம் புடவை இல்லை.

இந்த லைனில் பார்சல் வந்தாலும் தெரியும், புஸ் என்று சத்தம் வந்தாலும் தெரியும். யாராவது ஒருத்தர் அதற்குச் சொந்தக்காரராக இருந்தாக வேண்டும். அதனால் தசரதன் தன் வழுக்கையை நீட்டிவிட்டான்.

இத்தனை நாடகமும் யாருடைய வாய்க்குப் பயந்து என்பதும் பார்வதம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கு வெட்கமாக இருந்தது. சத்தம் போடாமல் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னாக்கா, இவ்ளோ நேரம்? எதுனா சேதியா?" என்றாள் குழாயடியில் தங்கம்மா.

"ஒண்ணுமில்லடி. துணி கெடைக்கல, தேடினேன்."

அவள் குழாயடிக்கு ஒரு சேதியும் இல்லாமல் வந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் தசரதன் வழக்கம்போல் வாசலில் உட்கார்ந்து தொப்பியை மாட்டினான். புஸ்... புஸ்... பெண்கள் கூடிவிட்டார்கள். தங்கம்மா பார்வதம்மாவின் விலாவில் இடித்தாள். "எதுனா சொல்லுக்கா!"

பார்வதம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா மைனரே, எதுனா மொளைச்சுதா?"

தசரதன் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தான். தொப்பியைக் கழற்றி, மொழுமொழுவென்ற மண்டையைத் தடவிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"மொளைக்குதுக்கா! இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு பேருமே போறோம்கா!"

லைன் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் பார்வதம்மாதான். "சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுடி" என்று தங்கம்மாவிடம் சொல்லி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.