அரம் பட்ட பிடி

துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வு தொடங்கப்போகிறது. இவள் கையில் இருப்பது இரவல் பிஸ்டல். விசையைத் தொட்டாலே வெடிக்கிறது. பழகிப் பார்த்த குண்டெல்லாம் இலக்கு வட்டத்துக்கு இடப்பக்கமாகக் கீழே போய் விழுகிறது. "உன் கைக்குப் புதுசில்லையா, முரண்டு பிடிக்கும். விரல் நுனியால மெதுவா அழுத்தும்மா," என்கிறார் பயிற்சியாளர். "என்னோடது எப்ப சார் வரும்?" "அதான் ரிப்பேர்ல இருக்குன்னு சொன்னேனே." அவர் பார்வை சுவருக்குப் போகிறது. பக்கத்துத் தடுப்பில் அவருடைய மகள் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே, இவள் பழகிய பிஸ்டல். "அக்கா... இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்னு அப்பா சொன்னாரு." இவள் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். பிஸ்டல் கிளப்புடையதுதான்; ஆனால் அதன் மரப்பிடியை இவள் உள்ளங்கைக்கென்று பார்த்துப் பார்த்து ராவிக் கொடுத்தவர் இதே சார்தான். இப்போது கட்டைவிரல் பக்கம் புதிதாக அரம் பட்டு, மரம் வெளிறித் தெரிகிறது. மகளின் சின்னக் கைக்கு அளவெடுத்த மாதிரி. இவள் பிடிக்குள் அது ஆடுகிறது. "ஒரு நாளைக்காடி மரத்தை ராவுவாங்க?" மணி அடிக்கிறது. இவள் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, இரவல் பிஸ்டலை எடுத்துக் கையை நீட்டுகிறாள். "கோபத்தோட சுடாதேம்மா, கை நடுங்கும்," என்கிறது வழக்கமான குரல், வழக்கம்போல் முதுகுக்குப் பின்னாலிருந்து. "நீங்க என் பின்னாடி நிக்க வேணாம் சார்." காலடிச் சத்தம் விலகிய பிறகுதான் இவள் விரல் விசைக்குப் போகிறது.