மான்தோல் பொம்மை

இந்தக் காலத்தில் எது கிடைத்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் பெருமையாம். அமெரிக்காவின் லாட்டன் ஊர் அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போதே கிழவர் ஆர்லிஸ் முணுமுணுத்தார்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்கப்பா," என்றாள் மகள் லவீட்டா. "நம்ம கொமாஞ்சிப் பழங்குடிப் பொம்மைங்களை இன்னிக்குத்தான் பார்வைக்கு வெக்கிறாங்க."

ஒரு பெட்டியருகே அவர் அப்படியே நின்றுவிட்டார். மான்தோல் உடுப்பு, நீளமான குஞ்சம். சிவப்பு மணி தீர்ந்துபோனதால் ஒரு செருப்பில் மட்டும் நீல மணி. அவர் மனைவி தைத்த பொம்மைதான்!

"திருட்டுப் பசங்களா!" என்று கத்தினார். "இது எப்படிடா இங்க வந்துச்சு?"

காப்பாளர் பெண் ஓடி வந்தாள். "பெரியவரே, நாங்க திருடலை. உங்க வீட்டுலேர்ந்துதான் குடுத்தாங்க."

"பொய்! என் வீட்டுல யாரு குடுப்பா?"

"நான்தான்பா," என்றாள் லவீட்டா, தரையைப் பார்த்தபடி. "அம்மா கைவேலையை நாலு பேர் பாக்கட்டுமேன்னு..."

"எப்ப எடுத்தே?"

"பாட்டுப் பாடறவங்களைக் கூப்பிட நீங்க வெளிய போனப்ப. மூடியை மூடறதுக்கு முன்னாடி."

போனவர்களின் பொருள் போனவர்களோடுதான் போகவேண்டும். சவப்பெட்டிக்குள், மனைவியின் விரல்களுக்கு நடுவே அந்தப் பொம்மையை வைத்தவர் கிழவர்தான்.

"விரலைப் பிரிச்சா எடுத்தே?"

"மண்ணுல மக்கிப் போறதுக்காப்பா அம்மா தைச்சாங்க? இங்க இருந்தா அவங்க பேரு நிக்கும்."

"நிக்கட்டும். அவ வெறுங்கையோட இல்ல போயிருக்கா!"

மகள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.