முதுகுக்குப் பின்னால் போன பெல்ட்

துணிக்கூரையை மடக்கிப் போட்டுவிட்டு ஒரு சின்னக் கார் மலை ஏறியதாம். ஓட்டி வந்த ஞானதுரை, "பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு என்னமா கத்துது இது!" என்று சலித்துக்கொண்டு, சீட் பெல்ட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினார். கார் வாயை மூடிக்கொண்டது.

சீட்டுக்குப் பின்னால் வளைந்து நின்ற இரும்புக் கம்பியிடம் பெல்ட் பதறியது. "அண்ணே, நான் மாட்டித்தான் இருக்கேன். ஆனா ஆளைப் பிடிக்கலையே!"

"கார் கவிழ்ந்தா மொத்தக் கனத்தையும் நான் தாங்கிக்குவேன். எனக்குக் கீழே ஆளை உட்கார வைக்கிறது உன் வேலைதானே, தம்பி?"

"அப்ப என்னை முன்னால மாட்டச் சொல்லுங்க!"

"நம்ம பேச்சு அவருக்கு எங்கே கேக்குது? பாடிக்கிட்டுல்ல வர்றாரு."

அடுத்த கொண்டை ஊசி வளைவில் ஈர மண்ணில் சக்கரம் வழுக்கியது. பெல்ட் உயிரைக் கொடுத்து இறுக்கியது. அதன் பிடியில் இருந்தது வெறும் சீட்டுதான். கார் புரண்டு, தலைகீழாக ஓடையில் போய் விழுந்தது.

சத்தம் அடங்கியதும் பெல்ட் மெதுவாகக் கேட்டது. "அண்ணே, தாங்கிட்டீங்களா?"

"ஒரு விரக்கடைகூட வளையலை."

"அவரு?"

கம்பி சீட்டைப் பார்த்தது.

"அவரு உட்கார்ற இடம் அப்படியே இருக்கு, தம்பி."